மாத்திரை இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம்?

வீட்டில் கல்யாணம், கிரகப்பிரவேசம், பங்குனியில் கபாலீசுவரர் கோயில் அறுபத்து மூவர் விழா என்று ஏதாவது விசேஷம் வந்தால் மயிலாப்பூர், மாம்பலம் வீட்டுப் பெண்கள் மாதவிடாய்த் தேதியை எண்ணிப் பார்ப்பார்கள். இடிக்கும்போல் இருந்தால் மருந்துக் கடையில் ‘தள்ளிப்போடுகிற மாத்திரை’ வாங்குவார்கள். மருத்துவரிடம் கேட்காமலேயே வாங்குகிறவர்களும் உண்டு. அந்த மாத்திரையின் பெயர் நோரெதிஸ்டிரோன். உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போல் வேலைசெய்யும் செயற்கை ஹார்மோன் அது. இந்த வகை மருந்துகள் சிலருக்கு வயிற்று உப்புசம், மார்பு வலி, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவற்றைக் கொண்டுவரும். மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் பல பெண்கள் படுகிற பாடும் இதேதான். ஒரு விசேஷத்துக்காக அந்த வாரத்தைச் சிலர் காசு கொடுத்து நீட்டித்துக்கொள்கிறார்கள் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

ஆச்சாரம் விதி வகுத்தது உதிரப்போக்கு நாட்களுக்குத்தான். மூன்று நாள் தள்ளி உட்கார வேண்டும், நான்காம் நாள் தலைக்குக் குளிக்க வேண்டும். அதற்கு முந்திய வாரத்துக்கு விலக்கும் இல்லை, சலுகையும் இல்லை. அண்மைக்காலத்தில் நாப்கின் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம். தமிழக அரசின் ‘புதுயுகம்’ திட்டம் அதை அரசுப் பள்ளி மாணவிகளிடம் கொண்டுசேர்த்தது. ஆனால் முந்திய வாரத்தின் எரிச்சல், காரணம் தெரியாத அழுகை, தூக்கமின்மை, மார்பில் கனம், தலைவலி, எதிலும் மனம் நிலைக்காமை எல்லாம் இன்னும் ‘அவளுக்கு டேட் கிட்ட வந்திருக்கும்’ என்ற கேலியோடு முடிந்துபோகின்றன. மருந்தை நம்பியிராமல் இதைச் சமாளிக்க முடியுமா? முடியும், பலருக்குப் பெருமளவு முடியும். ஆனால் எதைக் கொண்டு முடியும் என்பதில் பாட்டி சொல்வதற்கும் இணையம் சொல்வதற்கும் ஆய்வுகள் சொல்வதற்கும் நிறைய இடைவெளி இருக்கிறது.

இந்த அறிகுறிகளை ஒரு மருத்துவப் பிரச்சினையாக 1931இல் விவரித்தவர் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க். 1953இல் பிரிட்டனில் ரேமண்ட் கிரீனும் கத்தரீனா டால்டனும் ‘மாதவிடாய்க்கு முந்திய நோய்க்குறித் தொகுதி’ என்ற பெயரைக் கொடுத்தார்கள். நாம் இன்று பி.எம்.எஸ். என்பது அதன் ஆங்கிலச் சுருக்கம். புரோஜெஸ்டிரோன் குறைவதுதான் காரணம் என்று டால்டன் உறுதியாக நம்பினார். பல்லாண்டுகள் அந்த ஹார்மோனையே சிகிச்சையாகவும் கொடுத்தார். பின்னாளில் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அதனால் பலன் இருப்பதாகத் தெரியவில்லை.

இன்றைய புரிதலுக்கு அடித்தளம் இட்டது அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த ஷ்மிட், ரூபினோ குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு. பி.எம்.எஸ். உள்ள பெண்களுக்கும் இல்லாத பெண்களுக்கும் சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை மருந்தால் நிறுத்திவிட்டு, பிறகு ஒரே அளவு ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் திரும்பக் கொடுத்தார்கள். முதல் பிரிவினருக்கு அறிகுறிகள் திரும்பின. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக ஹார்மோன் கூடுதலாகவோ குறைவாகவோ சுரப்பது காரணமில்லை. எல்லாப் பெண்களுக்கும் நிகழும் அதே ஏற்ற இறக்கத்துக்குச் சிலருடைய மூளை கூடுதலாக எதிர்வினை செய்கிறது. ‘ஹார்மோனைச் சமன்படுத்தும்’ என்று விற்கப்படும் பொடிகளையும் டீத்தூள்களையும் பார்க்கும்போதெல்லாம் இந்த ஆய்வை நினைத்துக்கொள்வது நல்லது. சமன்படுத்த அங்கே குலைந்திருப்பது எதுவும் பெரும்பாலும் இல்லை.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு, பி.எம்.எஸ். ஏறத்தாழ 43 சதவீதப் பெண்களுக்கும், அதன் கடுமையான வடிவமான பி.எம்.டி.டி. 8 சதவீதத்தினருக்கும் இருப்பதாகச் சொன்னது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை கல்லூரி மாணவிகளிடம் ஒரே ஒரு முறை கேள்வித்தாள் கொடுத்து எடுத்தவை. பின்னோக்கி நினைத்துச் சொல்வதற்கும் அன்றன்று எழுதிவைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அதனால்தான் 2013இல் பி.எம்.டி.டி.யை முழுமையான நோயாக ஏற்றுக்கொண்ட அமெரிக்க மனநலக் கையேடு, குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்குத் தினக்குறிப்பு வேண்டும் என்று நிபந்தனை வைத்தது.

இந்தத் தினக்குறிப்புதான் மருந்தில்லா வழியின் முதல் படி. அதைத் தாண்டிவிட்டு மற்ற எதைச் செய்தாலும் இருட்டில் துழாவுவதுதான். நம் வீடுகளில் பால் கணக்கும் சிலிண்டர் வந்த தேதியும் எழுதும் மாதக் காலண்டரே போதும். தினமும் இரவு மூன்று நான்கு அறிகுறிகளுக்கு எதிரே பூஜ்யத்திலிருந்து மூன்று வரை ஒரு எண். எரிச்சல், அழுகை, தூக்கம், உடல்வலி என்று அவரவருக்கு முக்கியமானதை எழுதினால் போதும். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் படம் தெளிவாகிவிடும். மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் எண் ஏறி, உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் இறங்கி, அடுத்த வாரம் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் அது பி.எம்.எஸ். மாதம் முழுக்க எண் உயர்ந்தே இருந்து, முந்திய வாரத்தில் இன்னும் ஏறினால் கதை வேறு. அடியில் மனச்சோர்வோ பதற்றமோ ஒற்றைத் தலைவலியோ இருக்கிறது; மாதவிடாய் அதைக் கிளறுகிறது. அதற்கு ராகியும் யோகாவும் சிகிச்சை ஆகாது.

இதோடு இரண்டு ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துச் சொல்வேன். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. பாதிக்கும் மேல்! சோகையின் அசதியும் தைராய்டு குறைவின் மந்தமும் பி.எம்.எஸ். வேடத்தில் வரும். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் மாதக்கணக்கில் கைவைத்தியம் செய்துகொண்டிருப்பது வீண் பாடு.

அடுத்து உணவு. இங்கே உறுதியான ஆதாரம் உள்ள பொருள் கால்சியம். 1998இல் அமெரிக்காவில் சூசன் தைஸ்-ஜேக்கப்ஸ் குழுவினர் 466 பெண்களிடம் நடத்திய ஆய்வில், தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது சுழற்சியில் அறிகுறிகள் 48 சதவீதம் குறைந்தன. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம் குறைந்தன. இந்த இரண்டாவது எண்ணை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுமே இல்லாத மாத்திரைக்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிற தொல்லை இது. ஆகவே ‘எங்க அத்தைக்குக் கேட்டது’ என்பதை மட்டும் வைத்து எந்தக் கஷாயத்தையும் எடைபோட முடியாது. அதே சமயம் அந்த 30 சதவீத நிம்மதியும் நிஜமானதுதான். தன் கஷ்டத்தை ஒருவர் கவனித்துக் கேட்டு, தினமும் குறித்துக்கொள்ளச் சொன்னதிலேயே அதில் ஒரு பகுதி வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆய்வில் கால்சியத்தைக் கொடுத்தது மாத்திரையாக. உணவுக்கு மேல் கூடுதலாக. உணவிலிருந்து எவ்வளவு பெறலாம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் வளர்ந்த பெண்ணுக்குத் தினம் 1,000 மில்லிகிராம் பரிந்துரைக்கிறது. ஒரு டம்ளர் ஆவின் பாலில் சுமார் 240, ஒரு கிண்ணம் தயிரில் ஏறக்குறைய அதே அளவு, ஐம்பது கிராம் கேழ்வரகு மாவில் 170க்கு மேல், நூறு கிராம் முருங்கைக்கீரையில் 300க்கு மேல் இருக்கிறது. எள்ளுருண்டையும் மிளகாய்ப்பொடியில் சேரும் எள்ளும் கணக்கில் சேரும். கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் பைட்டேட் குறைந்து உடலில் நன்றாகச் சேரும். நம் பாட்டிமார் குழந்தைகளுக்குக் கஞ்சிமாவு செய்த முறையே அது. இந்த உணவுக்கு மயிலாப்பூர் மாடவீதியில் எந்தத் தட்டுப்பாடும் இல்லை. தட்டுப்பாடு வேறு இடத்தில்: எல்லாருக்கும் பரிமாறிவிட்டு மோராக நீர்த்துப்போன தயிரைக் கடைசியில் ஊற்றிக்கொள்கிற பழக்கத்தில். உணவில் எட்டாதபோது கால்சியம் மாத்திரை எடுப்பதில் தவறில்லை. சிறுநீரகக் கல் இருந்தவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வைட்டமின் பி6 பற்றி 1999இல் வெளியான தொகுப்பாய்வு தினம் 100 மில்லிகிராம் வரை ஓரளவு பலன் இருக்கலாம் என்றது. ஆனால் ஆய்வுகளின் தரம் குறைவு. அதிக அளவில் தொடர்ந்து எடுத்தால் நரம்பைக் கெடுக்கும். அதைச் சொந்தமாக வாங்கி விழுங்க வேண்டாம்.

காபியை நிறுத்தச் சொல்லாத அறிவுரையே இல்லை. அமெரிக்கச் செவிலியர்களை நீண்டகாலம் பின்தொடர்ந்த பெரிய ஆய்வில், காபி குடிப்பதற்கும் பி.எம்.எஸ். வருவதற்கும் தொடர்பு காணப்படவில்லை என்று 2016இல் முடிவு வந்தது. காலை ஃபில்டர் காபியை இதற்காக யாரும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. மாலை ஐந்து மணிக்கு மேல் குடிக்கும் இரண்டாவது டோஸ் தூக்கத்தைக் கெடுக்குமானால் அந்த வாரம் மட்டும் அதை விடலாம். உப்பைக் குறைத்தால் உப்புசம் குறையும் என்பதற்கும் வலுவான சான்று இல்லை. ஆனாலும் அப்பளம், வற்றல், ஊறுகாய் மூன்றும் சேர்ந்த நம் சாப்பாட்டில் உப்பு உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் ஐந்து கிராமை எளிதாகத் தாண்டும். ரத்த அழுத்தத்துக்காகவாவது குறைப்பது நல்லதுதான்.

மூலிகைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் பி.எம்.எஸ்.ஸுக்குப் பெயர்பெற்ற ஒரு மூலிகைக்கு ஓரளவு ஆய்வு ஆதரவு உண்டு. அதன் தாவரப் பெயர் வைடெக்ஸ் ஆக்னஸ்-காஸ்டஸ். நம் நொச்சியும் வைடெக்ஸ் இனம்தான், ஆனால் வேறு வகை, வைடெக்ஸ் நெகுண்டோ. ஒன்றின் பலனை மற்றதன் மேல் ஏற்றிச் சொல்வதை நம்ப வேண்டாம். நொச்சி இலையை ஆவி பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் சுக்கு வாங்கி வந்து சுக்குக் காபி போட்டுக் குடிப்பதில் கெடுதல் இல்லை. இஞ்சி மாதவிடாய் வலிக்கு உதவுகிறது என்று சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த வலி வேறு, முந்திய வாரத்தின் தொல்லை வேறு. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை வெற்று மாத்திரையைவிடச் சிறந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை. அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம். மூலிகையும் மருந்துதான். தைராய்டு, மனநல மாத்திரை எடுப்பவர்கள் லேகியத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நடையும் உடற்பயிற்சியும் பலன் தருகின்றன என்று பெரும்பாலான ஆய்வுகள் ஒரே திசையில் சொல்கின்றன. அவை சிறியவை என்றாலும் நான் அவற்றை நம்புகிறேன். காரணம், பயிற்சி மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் நல்லது என்பது தனியாகவே நிலைபெற்ற உண்மை. முந்திய வாரத்தில் மட்டும் நடந்தால் போதாது, மாதம் முழுக்கத் தொடர வேண்டும். தென் சென்னைக்கு இதில் குறையில்லை: லஸ் நாகேசுவர ராவ் பூங்கா, தியாகராய நகரின் நடேசன் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரை, கோட்டூர்புரம் மரப் பூங்கா. காலை ஆறு மணிக்கு அங்கே போய்ப் பாருங்கள். அறுபது வயது ஆண்களும் பெண்களும் நிறையப் பேர் நடப்பார்கள். முப்பது வயதுப் பெண்ணைத் தேட வேண்டும். அவள் அந்த நேரத்தில் குழந்தைக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டிருக்கிறாள். பி.எம்.எஸ். கடுமையாக இருக்கும் வயதும் அதுதான்.

யோகாவும் அப்படியே. மந்தைவெளியில் 1976இல் டி.கே.வி. தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், அவருடைய தந்தை கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில், ஆளுக்கு ஏற்ப பயிற்சியை மாற்றித் தரும் முறையை வளர்த்தது. ஒரே ஆசனத்தை எல்லாருக்கும் எல்லா நாளும் சொல்வதில்லை. மாதச் சுழற்சியோடு வாழும் உடலுக்குப் பொருத்தமான கொள்கை இது. மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் பதற்றத்தைக் குறைப்பதில் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்திருக்கின்றன. குறிப்பிட்ட ஓர் ஆசனம் கருப்பையைச் சீராக்கும் என்பது போன்ற கூற்றுகளுக்கு ஆதாரம் இல்லை.

சென்னைக்கே உரிய ஒரு சங்கடம் தூக்கம். கருமுட்டை வெளியேறிய பிறகு புரோஜெஸ்டிரோன் உடல் வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்துகிறது. மாதவிடாய் வரும்வரை அப்படியே இருக்கும். உடல் சற்றுக் குளிர்ந்தால்தான் தூக்கம் பிடிக்கும். கத்திரி வெயில் மாதத்தில், இரவிலும் வியர்க்கும் இந்த ஊரில், அந்த அரை டிகிரியை யாரும் பொருட்படுத்துவதில்லை. படுக்கும் முன் குளியல், நல்ல காற்றோட்டமான இடம், முடிந்தால் அந்த வாரம் ஏ.சி. அறையில் படுக்கை. இவை ஆடம்பரமாகத் தோன்றலாம். தூக்கம் கெட்ட மறுநாள் எரிச்சல் எத்தனை மடங்காகிறது என்பதைத் தினக்குறிப்பே காட்டிக்கொடுக்கும்.

மருந்துக்கு நேர்நிகராக நின்ற வழி பேச்சுச் சிகிச்சை. எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழகும் சி.பி.டி. என்ற முறை அது. 2002இல் பிரிட்டனில் மைரா ஹண்டர் குழுவினர் இதை ஃபுளுவாக்ஸெட்டின் மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். மாத்திரை சீக்கிரம் வேலைசெய்தது. ஆறு மாதத்தில் இரண்டும் சமமாக வந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம் பலன் கூடுதலாக நிலைத்திருந்தது. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி தன் வழிகாட்டியில் கடுமையான பி.எம்.எஸ்.ஸுக்கு இதை முன்வரிசையில் வைத்திருக்கிறது. அங்கே சொல்லித்தருவது மாயம் எதுவும் இல்லை. கடினமான நாட்கள் எவை என்று முன்கூட்டியே அறிவது. அந்த நாட்களில் பெரிய முடிவுகளை எடுக்காமல் இருப்பது. ‘நான் கெட்ட அம்மா’ என்று மனம் சொல்லும்போது அதற்குச் சான்று கேட்பது. கோபம் வெடிப்பதற்கு முன் தேவையை வாய்விட்டுச் சொல்வது. அடையாறிலும் ஆழ்வார்பேட்டையிலும் இதில் தேர்ந்த உளவியலாளர்கள் இருக்கிறார்கள். பத்து அமர்வுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடும் என்பதுதான் தடை.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஆஸ்திரேலியாவில் ஜேன் அஷர், ஜேனட் பெர்ஸ் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு. பெண்ணுக்கு மட்டும் சிகிச்சை, கணவனும் மனைவியும் சேர்ந்து சிகிச்சை என்று பிரித்துப் பார்த்தார்கள். இரண்டிலும் அறிகுறிகள் குறைந்தன; கணவனும் உடனிருந்தபோது உறவும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதும் கூடுதலாக மேம்பட்டன. நம் வீடுகளில் மாமியார், மாமனார், வளர்ந்த பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரத்தில் இரண்டு வேளை சமையலை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால், மகனின் பரீட்சைப் படிப்பை அப்பா பார்த்துக்கொண்டால், அது பல கஷாயங்களைவிட மேலான வைத்தியம் என்று நான் நம்புகிறேன். கேலியை நிறுத்துவதற்கோ செலவே இல்லை.

தியாகராய நகருக்கு வந்தால் இந்த அறிவுரைகளில் பாதி பொருளற்றுப்போகிறது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் துணி, நகை, பாத்திரக் கடைகளில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்களில் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள். அந்த வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரைக்குக் கொண்டுவந்தது. கால் கடுக்க நின்று, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டும் என்பதற்காகவே தண்ணீர் குறைவாகக் குடித்து, தீபாவளி நெரிசலில் சிரித்த முகத்தோடு நூறு புடவை பிரித்துக் காட்டும் பெண்ணிடம் தினம் முப்பது நிமிடம் நடக்கச் சொல்வது அநியாயம். அவளுக்கு முதல் சிகிச்சை நாற்காலி. 2018இல் கேரளம் செய்ததைத் தொடர்ந்து, 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. சட்டம் எந்த அளவு நடைமுறையில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வாடிக்கையாளரும் கடைக்குள் நுழைந்ததும் தாமே பார்க்கலாம். நாற்காலி இல்லையென்றால் முதலாளியிடம் கேட்க வேண்டும். பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் மாதவிடாய் விடுப்பை 1992லேயே கொடுத்துவிட்டது. நாம் நாற்காலிக்கே இன்னும் குரல்கொடுக்க வேண்டியிருக்கிறது.

மருந்தில்லா வழிக்குத் தேவைப்படுபவை தூக்கம், நேரம், சத்துள்ள சாப்பாடு, உட்கார இடம், கேலி செய்யாத வீடு. இவற்றை ஒரு பெண் தனியாக உண்டாக்கிக்கொள்ள முடியாது. இவை எதையும் தராமல் ‘மாத்திரை கெடுதல், யோகா பண்ணு’ என்று மட்டும் சொல்வது அவள் சுமையைக் கூட்டுவதாகும். மூன்று சுழற்சிகள் முயன்றும் குறையாவிட்டால் மருந்து எடுப்பதில் தோல்வி எதுவும் இல்லை. செரட்டோனின் சார்ந்த மாத்திரைகள் கடுமையான பி.எம்.எஸ்.ஸுக்குப் பலன் தருவது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. சிலருக்கு முந்திய இரண்டு வாரம் மட்டும் எடுத்தாலே போதும். பணம் இல்லை என்று தள்ளிப்போடவும் வேண்டாம். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி அரசு மகளிர் மருத்துவமனையில் இரண்டு மாதத் தினக்குறிப்போடு புறநோயாளியாகக் காட்டலாம்.

மாதாமாதம் அதே நாட்களில் ‘செத்துப்போய்விடலாம்’ என்ற எண்ணம் வந்தால் தினக்குறிப்புக்கோ மூன்று சுழற்சிகளுக்கோ காத்திருக்கக் கூடாது. மாதவிடாய் வந்ததும் அந்த எண்ணம் மறைந்துவிடுகிறது என்பதற்காக அதைச் சாதாரணமாக நினைக்கவும் கூடாது. பி.எம்.டி.டி.யில் அந்த ஆபத்து உண்மையானது. ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986இலிருந்து இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம் இருக்கிறது. மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம்.